மங்கலான பேரடைகளின் (விண்மீன் பெருங்கூட்டங்களின்) பழைய பதிவுப் பிழைகள்: எந்தச் சொல்?

பழைய வான்பொருள் பட்டியல்களின் பிழைவகைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இருவரின் உரையாடல் இது.

> மெசியே, ஹெர்ஷல் என்ற 18ஆம் நூற்றாண்டு வானியலர்களின் காலப் பட்டியல்களில் உள்ள குளறுபடிகள் எல்லாவற்றுக்கும் 'தவறடையாளம்' என்ற ஒரு சொல்லே போதும்.

போதாது ஐயா. பிழைகள் ஒரே வகை அல்ல. சரிபார்க்கும் வழியும் வகைக்கு வகை மாறும்.

மெசியே பட்டியலின் 91ஆம் பொருளான எம் 91-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1781 மார்ச் 18 இரவு மெசியே குறித்தது. அவர் கொடுத்த இடத்தில் தேடியவர்களுக்கு அப்படி எதுவும் அகப்படவில்லை. 1969இல் வில்லியம் சி. வில்லியம்ஸ் என்ற பயில்முறை வானியலர் முடிச்சை அவிழ்த்தார். எம் 89இலிருந்து அளந்த இடைவெளியை மெசியே எம் 58இன் இடத்தோடு கூட்டியிருக்கிறார். இவ்விரண்டுக்கும் வல ஏற்றத்தில் (வானின் கிழக்கு-மேற்கு அளவு) 2 நிமிடம், நடுவரை விலக்கத்தில் (வடக்கு-தெற்கு அளவு) முக்கால் பாகை அளவு வேறுபாடு. அந்த வேறுபாட்டைக் கழித்துப் பாருங்கள், என்.ஜி.சி. என்ற பிற்காலப் பட்டியலின் 4548ஆம் பேரடைமேல் போய் நிற்கும். அவர் பேரடையைச் சரியாகத்தான் பார்த்தார், கணக்குதான் தவறியது. இதைத் 'தவறடையாளம்' என்றால் பழி கண்மேல் விழுகிறது. 'இடவழு' என்று வைக்கலாம்.

ஹெர்ஷலின் பதிவுகளிலும் இதுவே பெரும் சிக்கல். 18.7 அங்குல ஆடி கொண்ட 20 அடித் தொலைநோக்கியை நண்பகல் கோட்டின் (உச்சி வழியே வடக்கு-தெற்காகச் செல்லும் கோடு) திசையில் நிறுத்தி மேலும் கீழும் அசைப்பார். வானம் தானாக நகர்ந்து வரும். அவர் சொல்லச் சொல்ல, தங்கை கரோலின் கடிகார நேரத்தையும் துருவத் தொலைவையும் (வானத் துருவத்திலிருந்து உள்ள கோணம்) எழுதிக்கொள்வார். தெரிந்த விண்மீனிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதே இடக்கணக்கு. நேரத்தில் 1 நிமிடம் பிசகினால் வான நடுக்கோட்டருகே 15 பாகைத்துளி (ஒரு பாகையில் 60 துளி) விலகிவிடும். ஒப்பீட்டு விண்மீனையே மாற்றிக் கொண்டால், அதைக்கொண்டு கணித்த அத்தனை பொருள்களும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளிப்போகும். ஆகவே ஒரு பொருள் காணவில்லை என்றால், அதே இரவில் பதிவான மற்றவற்றின் விலகலை முதலில் பாருங்கள்.

பார்த்த பொருள் இடத்தில் சரியாக இருந்து, வகை மட்டும் மாறிப்போவது வேறு. பி.எல். லாசெர்ட்டே என்ற வான்பொருளை 1929இல் வானியலர் ஹாஃப்மெய்ஸ்டர் மாறும் விண்மீனாகப் பதிந்தார். அது ஒரு பேரடையின் ஒளிமிக்க கரு. ஒன்றன் தோற்றத்தால் வேறொன்றாகக் கொள்வதை அணியிலக்கணம் 'மயக்கம்' என்கிறது. இதற்கு 'வகைமயக்கம்' பொருந்தும்.

> 'இடவழு' என்று வைக்கலாம்.

வகைமயக்கம் அருமை, அம்மா. ஆனால் இடவழு என்றதும் தமிழ் படித்தவர்களுக்குத் தன்மை, முன்னிலை மாறிப்போவதுதான் நினைவுக்கு வரும். 'இடப்பிழை' என்றே இருக்கட்டும்.

தேடியும் கிடைக்காதவற்றுக்கு 'இல்பொருள்' என்று முன்பு வைத்ததையும் எடுத்துவிடலாம். இல்லை என்று எழுதப்பட்ட எம் 91 இருந்ததே! 'காணாப் பொருள்' என்றால் பின்னால் கண்டுபிடிக்க இடம் இருக்கிறது.

எம் 102 எதில் சேரும்?

> எம் 102 எதில் சேரும்?

'இரட்டைப் பதிவு'. எம் 101-ஐயே மறுபடி குறித்துவிட்டதாக மெசியேயின் கூட்டாளி மெஷேன் 1783இல் கடிதம் எழுதினார். ஆனால் அது என்.ஜி.சி. 5866தான் என்று வாதிடுவோரும் உண்டு. எனவே பக்கத்தில் 'ஐயம்' என்றும் குறித்துவிடுங்கள்.