மாவுக்கட்டைப் பிரித்து எட்டு நாள், மோதிர விரல் மடங்க மறுக்கிறது

தையல்காரி:
எனக்கு வயது 41, தையல்தான் தொழில். ஐந்து வாரங்களுக்கு முன் மாடிப்படியில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மோதிர விரலுக்குக் கீழே உள்ளங்கைக்குள் இருக்கும் நீள எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. அதிகம் விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். நாலு வாரம் கழித்துப் பிரித்தார்கள். பிரித்து இன்றோடு எட்டு நாள்.

கட்டைப் பிரித்தால் பழைய கை கிடைத்துவிடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அது என் கை மாதிரியே இல்லை. தோல் உரிந்து, முன்கை மெலிந்து, விரல்கள் மட்டும் வீங்கிக் கிடக்கின்றன. முஷ்டி பிடித்தால் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியில் நின்றுவிடுகின்றன. காலையில் எழுந்ததும் இன்னும் மோசம்.

கட்டைப் பிரித்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த கோடு அப்படியே தெரிகிறது. டாக்டர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "சேர்ந்துவிட்டது, விரலை அசையுங்கள்" என்றார். கோடு தெரியும்போது எப்படிச் சேர்ந்திருக்கும்? வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. பயத்தில் இன்னும் கையைக் கழுத்தில் மாட்டிய தூளியில் போட்டே வைத்திருக்கிறேன். கத்தரிக்கோலை எப்போது பிடிக்கலாம்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

பந்துக்காப்பாளர்:
அக்கா, முதலில் அந்தத் தூளியைக் கழற்றுங்கள். எனக்குச் சுண்டு விரல் பக்கத்து எலும்பு முறிந்தது. நானும் இப்படித்தான் பயந்து மூன்று வாரம் தொங்கவிட்டிருந்தேன். விரலோடு தோளும் இறுகிவிட்டது. விரல் சரியான பிறகும் தோள் வலி போக நாலு மாதம் ஆனது.

கைப்பயிற்சியாளர்:
கை சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உங்கள் கையைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் உங்கள் டாக்டர் சொல்வதே முதல்.

கோட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். முறிந்த இடத்தைச் சுற்றி முதலில் மென்மையான புதுத் திசு வளர்ந்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். அதில் கால்சியம் ஏறிய பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். கை எலும்பில் கோடு மறைய மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதனால்தான் டாக்டர் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் வலி இல்லை, எலும்பு அசையவில்லை என்றால் விரலை மடக்கி நீட்டும் அளவுக்கு உறுதி வந்துவிட்டது. கனம் தூக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

விரல் மடங்காததற்கு வேறு காரணங்கள் உண்டு. விரலை நீட்டும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) புறங்கையில் அந்த எலும்பின் மேலேயே ஓடுகிறது. முறிவு ஆறும்போது அங்கே ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம், விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டியின் இரு பக்கத் தசைநார்கள் (எலும்பை எலும்போடு கட்டும் பட்டைகள்) முட்டி நேராக இருந்தால் தளரும், மடங்கினால் இழுபடும். வாரக்கணக்கில் நேராக வைத்தால் தளர்ந்தபடியே சுருங்கிவிடும். இதற்காகத்தான் முட்டியை 70 முதல் 90 பாகை வரை மடக்கிக் கட்டுப் போடுவது நல்லது என்கிறோம். உங்களுக்கு எப்படிப் போட்டிருந்தார்கள்?

இப்போது செய்ய வேண்டியது: கையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வையுங்கள். விரல்களை நேராக நீட்டுங்கள். பிறகு முட்டி நேராக இருக்க, மேல் இரண்டு மூட்டுகளையும் கொக்கி போல் மடக்குங்கள். அடுத்து முழு முஷ்டி. கடைசியில் முட்டியை மட்டும் மடக்கி விரல்களை நேராக வையுங்கள். ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரே தடவையாக அரை மணி நேரம் செய்வதைவிட ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதுதான் பலன் தரும். வேறு யாரையும் விரலைப் பிடித்து அமுக்க விடாதீர்கள், வீக்கம் கூடும். ஓய்வாக இருக்கும்போது கை நெஞ்சு உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

உங்களிடம் அளவு நாடா இருக்குமே. முஷ்டி பிடித்து, விரல் நுனிக்கும் உள்ளங்கைக் கோட்டுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று வாரம் ஒருமுறை குறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் நாடாவில் தெரியும்.

இன்னொன்று முக்கியம். மடக்கும்போது மோதிர விரல் பக்கத்து விரல் மேல் ஏறுகிறதா? ஏறினால் எலும்பு திருகிச் சேர்ந்திருக்கலாம். அது பயிற்சியால் சரியாகாது, உடனே காட்டுங்கள். எரிச்சலோடு தாங்க முடியாத வலி, தோல் நிறம் மாறுவது, தொட்டாலே கூசுவது, இவை வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

மணிக்கட்டுவலி:
ஊன்றி விழுந்தேன் என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? எனக்கு அங்கே படகு எலும்பு என்கிற சின்ன மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. முதல் எக்ஸ்ரேயில் தெரியவில்லை, சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்ததில்தான் தெரிந்தது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, விட்டுவிட்டால் சேராமலே போகலாம். வலி இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

தையல்காரி:
எல்லோருக்கும் நன்றி. கட்டைவிரல் குழியில் வலி இல்லை. விரல் மேல் விரல் ஏறவும் இல்லை. கட்டு விரல்கள் நேராக இருக்கும்படிதான் போட்டிருந்தார்கள். தூளியைக் கழற்றிவிட்டேன். நாடாவில் மோதிர விரல் 4 செ.மீ., சுண்டு விரல் 3.

தையல்காரி (மூன்று வாரம் கழித்து):
மோதிர விரல் 1.5 செ.மீ. சுண்டு விரல் உள்ளங்கையைத் தொட்டுவிட்டது! இரண்டாம் வாரம் அரை சென்டிமீட்டர்கூட நகரவில்லை, அன்று நாடாவைத் தூக்கிப் போட்டு அழுதேன். மறுபடி டாக்டரைப் பார்த்தேன், லேசான வேலை செய்யலாம் என்றார். நேற்று நூல் வெட்டும் சின்னக் கத்தரியைப் பிடித்து ஒரு ஜாக்கெட்டின் பழைய தையலைப் பிரித்தேன். இருபது நிமிடத்தில் கை சோர்ந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.