கட்டியும் எடுத்தாயிற்று, கீமோவும் முடிந்தது. பிறகு எதற்கு ஓலாபரிப்?

மதுரை மகள்:
அம்மாவுக்கு 58 வயது. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சையும் ஆறு சுற்று கீமோவும் முடிந்து, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டில் பாயசம் வைத்தோம். மறுவாரமே, பிஆர்சிஏ1 மரபணுவில் பிறழ்வு இருப்பதால் இரண்டு ஆண்டுகள் ஓலாபரிப் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். "நோய் போய்விட்டதென்றால் மாத்திரை எதற்கடி?" என்கிறார் அம்மா. என்னிடம் பதில் இல்லை. இந்த மாத்திரை நல்ல செல்களை விட்டுவைக்குமா?

அக்காவுக்குத் துணை:
என் அக்கா இதே மாத்திரையை இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டார். டிஎன்ஏவை ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கால் மட்டும் விரிந்தால் பார்ப் என்ற புரதம் வந்து ஒட்டவைக்கும். இரண்டு காலும் முறிந்தால், சரிசெய்ய பிஆர்சிஏ மரபணு தரும் புரதம் வேண்டும். ஓலாபரிப், பார்ப்பை விரிசலிலேயே சிக்கவைத்துவிடுகிறது. செல் பிரியும்போது அந்த இடம் இரண்டாக முறிகிறது. அம்மாவின் நல்ல செல்களில் பிஆர்சிஏ1-இன் ஒரு பிரதி பழுது, மற்றொன்று சரியாக இருக்கிறது. அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். புற்றுச் செல் இரண்டையும் இழந்தது. அதற்குப் போக்கிடமே இல்லை.

ஸ்கேன் கண்ணுக்குத் தெரியாத செல்களுக்காகத்தான் இந்த இரண்டு ஆண்டு. 2018-இல் வெளிவந்த சோலோ-1 ஆய்வில், மூன்று ஆண்டுகள் கழித்தும் நோய் தலைதூக்காதவர்கள் இந்த மாத்திரை எடுத்தவர்களில் 60 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இரத்தத்தைக் கவனியுங்கள். மூன்றாம் மாதம் அக்கா துணி காயப்போட மாடியேறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நகமெல்லாம் வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.4. மாத்திரையை நிறுத்தி, இரத்தம் ஏற்றி, பிறகு அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள்: வேளைக்கு இரண்டு பச்சை மாத்திரை என்பது ஒரு பச்சை, ஒரு மஞ்சள் என்றானது. வயதானால் சோர்வு வரத்தான் செய்யும் என்று நான் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் இருக்காதீர்கள். மாதம் தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மதுரை மகள்:
அம்மாவிடம் ஏணிக் கதையைச் சொன்னேன். இன்றிரவு முதல் வேளை சாப்பிட்டார். இந்த மரபணுப் பிறழ்வு இருக்கிறதா என்று சித்தியும் மாமாவும் பரிசோதிக்க வேண்டுமா? "எனக்கென்ன நோயா?" என்று சித்தி கோபப்படுகிறார்.

அக்காவுக்குத் துணை:
இருவரும்தான், நீங்களும்தான். உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்கள் வழியாகவும் பிள்ளைகளுக்குப் போகும். அம்மாவின் அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். பிறழ்வு எந்த இடத்தில் என்று அதில் இருக்கும். அந்த ஓரிடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறையும்.