மகள் ஜியாலஜி படிக்க வேண்டும் என்கிறாள், சேர்க்கலாமா?

வள்ளியூர் அப்பா:
என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜிதான் (பாறை, நிலம் பற்றிய நிலவியல் படிப்பு) சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சொந்தத்தில் எல்லாரும் நர்சிங் படிக்க வை என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பணகுடிக்காரன்:
வேண்டாம் அண்ணாச்சி. வெறும் பி.எஸ்சி. ஜியாலஜியை வைத்துக்கொண்டு எங்கே போய் வேலை கேட்பாள்? மத்திய அரசின் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனமான ஜி.எஸ்.ஐ.யில் நிலவியலாளர் ஆவதற்கு யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. உதவி நிலவியலாளர் பணிக்கும் அப்படித்தான். மூன்று வருடம் என்று நினைத்துச் சேர்ப்பீர்கள், அது ஐந்து வருடமாகிவிடும். அப்புறம் போட்டித் தேர்வு, அதற்கும் மேலே காத்திருப்பு. நர்சிங் முடித்தால் சீக்கிரம் ஒரு சம்பளம் வரும். நம்மைப் போன்ற வீடுகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தேரிக்காட்டான்:
நான் எம்.எஸ்சி. ஜியாலஜி படித்துவிட்டு நிலத்தடி நீர் ஆய்வு வேலை பார்க்கிறேன். ஐந்து வருடம் என்று தம்பி சொன்னது உண்மை. அதைச் சொல்லாமல் யாரும் பிள்ளையைச் சேர்த்துவிடக் கூடாது. ஆனால் இந்தப் படிப்பால் பயன் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம்ம திருநெல்வேலி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மழையில் திசையன்விளை பக்கம் ஆயன்குளம் படுகைக் கிணற்றுக்குள் வாரக்கணக்கில் வெள்ளம் பாய்ந்தும் அது நிரம்பவே இல்லை. அதிசயக் கிணறு என்று ஊரே திரண்டது. பிறகு சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்து, அடியில் சுண்ணாம்புப் பாறை என்றது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் பல்லாயிரம் வருடம் ஊறி ஊறிப் பாறையைக் கரைத்து, உள்ளே பொந்தும் வழியுமாக ஆக்கிவிடுகிறது. அந்த வழிகளில் வெள்ளம் ஓடிவிட்டதால்தான் கிணறு நிரம்பவில்லை. கொஞ்சம் மேற்கே வந்தால் சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறை. அங்கே தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பகுதியிலும் விரிசல்களிலும் மட்டும்தான். விரிசல் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ஆயிரம் அடி துளைத்தாலும் புழுதிதான் வரும். கடன் வாங்கி போர் போட்டு ஏமாந்த விவசாயிகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டாமா?

2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததையும் மறந்துவிட முடியாது. வெட்டு முகத்தில் விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் ஒவ்வொரு குவாரியிலும் இருக்க வேண்டும்.

பணகுடிக்காரன்:
தேவை இருப்பது வேறு, சம்பளம் கொடுப்பது வேறு அண்ணாச்சி. போர் போடுகிறவர் இன்றைக்கும் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைத்தான் கூப்பிடுகிறார். என் சித்தப்பா மகன் பி.எஸ்சி. ஜியாலஜி. கல் உடைக்கிற ஒரு கிரஷரில் லோடு கணக்கு எழுதுகிறான். ஆயன்குளத்துக்கு வந்தவர்களும் ஐ.ஐ.டி.க்காரர்கள்தானே, நம்ம ஊர்க் கல்லூரியில் படித்த பிள்ளையையா கூப்பிட்டார்கள்?

தேரிக்காட்டான்:
நம்ம ஊர்க் கல்லூரியிலிருந்தே ஐ.ஐ.டி.க்குப் போகலாம். பி.எஸ்சி. முடிக்கிறவர்களுக்காகவே ஜாம் என்ற தேர்வில் ஜியாலஜி தனித்தாளாக இருக்கிறது. தேறினால் பம்பாய், காரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கலாம். உங்கள் தம்பி பி.எஸ்சி.யோடு நிறுத்தியதால்தான் லோடு கணக்கில் நிற்கிறார்.

பணகுடிக்காரன்:
நிறுத்தியது அவன் விருப்பத்தால் இல்லை. வீட்டில் பணம் இல்லை.

களக்காடு அக்கா:
பொம்பளைப் பிள்ளை சுத்தியலைத் தூக்கிக்கொண்டு காடு மலை சுற்றுவதா என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நானும் ஜியாலஜிதான். கள ஆய்வுக்குப் பேராசிரியர்களோடு குழுவாகத்தான் போவோம். பாறை எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காம்பஸ் வைத்து அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். வெயிலில் கஷ்டம்தான். நாற்று நடுகிற பெண்கள் அதைவிடக் கஷ்டமான வேலையை அன்றாடம் செய்கிறார்கள். சுரங்கத்தின் அடியில் இறங்கப் பெண்களுக்குச் சட்டத்தில் இருந்த தடையும் 2019இல் தளர்ந்துவிட்டது. எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பகலில் இறங்கலாம் என்று அப்போது அனுமதி வந்தது. பெண் என்பதைக் காரணம் காட்டி மட்டும் தடுக்காதீர்கள்.

வள்ளியூர் அப்பா:
எல்லாவற்றையும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். எம்.எஸ்சி. வரை படிப்பேன், ஜாம் எழுதுவேன் என்கிறாள். ஐந்து வருடச் செலவை நினைத்தால்தான் எனக்கு யோசனை.

பணகுடிக்காரன்:
அப்படியென்றால் சேர்க்கும் முன்பே உதவித்தொகைக்கு என்ன வழி என்று கல்லூரியில் கேளுங்கள். முதல் வருடத்திலிருந்தே கணினியில் நில வரைபடம் தயாரிக்கிற ஜி.ஐ.எஸ். மென்பொருள் கற்றுக்கொள்ளட்டும், பி.எஸ்சி.யோடு நிற்க நேர்ந்தாலும் அது கைகொடுக்கும். நர்சிங் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். நான் இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

தேரிக்காட்டான்:
ஜி.ஐ.எஸ். நல்ல யோசனை, அதில் எனக்கும் உடன்பாடுதான். கூடவே கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள் அண்ணாச்சி. நிலத்துக்குள் மின்சாரம் பாய்ச்சி அதன் தடையை அளந்து நீர் தேடுகிற ஆய்வு, நில அதிர்வு ஆய்வு எல்லாம் அதில்தான் நிற்கிறது. என் பழைய கனிமவியல், பாறையியல் புத்தகங்கள் திசையன்விளையில் சும்மாதான் கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளட்டும்.