புதுப்பிப்பு: போலீஸ் நிறுத்தியபோது துப்பாக்கி இருப்பதைச் சொன்னேன்

அமெரிக்காவில் நான் இருக்கும் ஒஹாயோ மாநிலத்தில் போலீஸ் காரை நிறுத்தினால், இடுப்பில் இருக்கும் லைசென்ஸ் துப்பாக்கியைப் பற்றி நாமாகச் சொல்ல வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப்பேர் கட்டாயம் என்றீர்கள், பாதிப்பேர் தேவையில்லை என்றீர்கள்.

சட்டம் இதுதான்: 2022 ஜூன் 13 முதல் இங்கே அவர்கள் கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் எல்லையோர டொலீடோ நகரைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான மிச்சிகனுக்குள் போய்விட்டால், கேட்காமலே உடனே சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை இரவு பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். உள்விளக்கைப் போட்டேன். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?" என்றேன். "அதைத் தொடாதீர்கள், அது போதும்" என்றார். ஐந்து நிமிடத்தில் எச்சரிக்கையோடு அனுப்பிவிட்டார்.

பக்கத்தில் மனைவி மூச்சுவிடவே இல்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில் போலீஸ் காரை நிறுத்திய ஃபிலாண்டோ காஸ்டீல் என்பவரும் துப்பாக்கிக்குப் பர்மிட் வைத்திருந்தார், தானாகவே சொன்னார், ஒரு போலீஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அதிகாரி வழக்கில் விடுதலையானார். அதை அவளால் மறக்க முடியவில்லை, என்னாலும்தான்.

மறுநாளே பர்ஸை இடுப்புப் பக்கத்திலிருந்து சட்டைப் பைக்கு மாற்றிவிட்டேன். இனி எதை எடுக்கவும் கை அந்தப் பக்கம் போகாது.