மூளையில் நாடாப்புழுக் கட்டி: அல்பெண்டசோலை உடனே ஆரம்பிக்கலாமா?

சாட்ஸ்வொர்த் நர்ஸ்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் கிராமத்திலிருந்து டர்பன் வந்த பெண், 60 கிலோ, முதல் வலிப்பு. சி.டி.யில் மூன்று நீர்க்கட்டிகள், ஒன்றுக்குள் புள்ளி தெரிகிறது. தனியே ஒரு சுண்ணாம்புத் தழும்பும் உண்டு. எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர் எடுக்கிறார். இன்றே அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை கொடுக்கலாமா? வீட்டில் யாரும் பன்றிக்கறி தொடுவதில்லை என்கிறார்கள்.

நரம்பியல், டர்பன்:
இன்று வேண்டாம். முதலில் வலிப்பை அடக்குங்கள். கட்டிக்குள் தெரியும் அந்தப் புள்ளி புழுவின் தலை. அது தெளிவாகத் தெரிந்தால் நோய் உறுதி, ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். புள்ளியில்லாத கட்டி என்றால் எச்.ஐ.வி. உள்ளவரிடம் டி.பி., டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று இரண்டையும் நினைக்க வேண்டும்.

மாத்திரைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுங்கள். மூளை நீரறைக்குள் இருக்கும் கட்டி சி.டி.யில் தப்பிவிடும். கண்ணின் உட்புறத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே கட்டி இருந்து, மருந்தில் அது செத்தால் வரும் வீக்கத்தில் பார்வையே போகலாம். மூளை நீர் தேங்கியிருந்தாலோ மூளை முழுக்க வீங்கியிருந்தாலோ புழு மருந்து கூடாது. சுண்ணாம்புத் தழும்புக்கு எந்தப் புழு மருந்தும் தேவையில்லை, அந்தப் புழு ஏற்கெனவே செத்துவிட்டது.

இரண்டுக்கு மேல் உயிருள்ள கட்டி என்றால் அல்பெண்டசோல், பிரசிகுவான்டல் என்ற இரண்டு புழு மருந்தும் சேர்த்தே கொடுப்பேன். பெருவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆறாம் மாதத்தில் கட்டிகள் முழுதும் மறைந்தவர்கள் கூட்டு மருந்தில் 64%, வழக்கமான அல்பெண்டசோலில் 37%. கட்டி அதிகமுள்ளவர்களுக்கே இந்தப் பலன்.

மருந்தாளர்:
60 கிலோவுக்கு அளவு: அல்பெண்டசோல் தினம் கிலோவுக்கு 15 மி.கி., நடைமுறையில் 400 மி.கி. காலை, இரவு. கொழுப்புள்ள சாப்பாட்டோடு, வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. பிரசிகுவான்டல் தினம் கிலோவுக்கு 50 மி.கி., 600 மி.கி. மாத்திரை காலை 2, மதியம் 1, இரவு 2. இரண்டும் 10 முதல் 14 நாள். வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மி.கி., புழு மருந்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். புழு சாகும்போது வரும் வீக்கம் முதல் வாரத்தில்தான் தலைவலி, வலிப்பைக் கிளப்பும். ஆகவே வார்டிலேயே வைத்துக் கொடுப்பது நல்லது. ஸ்டீராய்டுக்கு முன் டி.பி.யும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவும் இல்லையென்று பார்த்துவிடுங்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்யுங்கள், கர்ப்பமென்றால் புழு மருந்தைப் பிரசவத்துக்குப் பின் தள்ளலாம்.

வலிப்பு மருந்தில் கார்பமசெபின், பெனிட்டாயின் வேண்டவே வேண்டாம். பிரசிகுவான்டலையும் டோலுடெக்ராவிரையும் ரத்தத்தில் குறைத்துவிடும். லெவெடிராசிடம் பொருந்தும்.

பொதுச் சுகாதாரம்:
பன்றிக்கறி பற்றி: வேகாத கறியில் உள்ள கட்டியை உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக் கட்டி வருவது, அந்தப் புழு உள்ளவர் மலத்திலிருந்து வரும் முட்டை கையிலோ உணவிலோ ஒட்டி வாய்க்குள் போவதால். சுத்த சைவருக்கும் வரும். ஆகவே அந்தப் பெண்ணுக்கும் அவரோடு இருப்பவர்கள், சமைத்துக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யுங்கள். புழு உள்ளவருக்கு நிக்ளோசமைட் 2 கிராம் ஒரே வேளை. அவர் தலையிலும் தெரியாத கட்டி இருக்கலாம். ஆகவே அவருக்குப் பிரசிகுவான்டல் வேண்டாம், அது மூளைக்குள் சேர்ந்து வலிப்பை வரவழைக்கும், நிக்ளோசமைட் குடலோடு நின்றுவிடும்.

சாட்ஸ்வொர்த் நர்ஸ்:
நன்றி. மறு ஸ்கேன் எப்போது?

நரம்பியல், டர்பன்:
ஆறாம் மாதம் எம்.ஆர்.ஐ. உயிருள்ள கட்டி மிச்சமிருந்தால் இன்னொரு சுற்று மருந்து. அதுவரை வலிப்பு மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது.