பொருள்: 'கொம்மெஸ்ஸோ'வுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மங்கை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

ஃபிளாரன்ஸ் நகரத்துப் பட்டறை ஒன்றைப் பற்றிய சிறு ஆவணப்படத்துக்குச் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாலை நேரம். இருபது பேர்போல வேலைமேசையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. வயதான கைவினைஞர் ஒருவர் தன் தொழிலைச் செய்து காட்டுகிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள், நடுநடுவே ஒரு வாய் வைன். அவ்வளவுதான் படம்.

தொழிலின் பெயர்தான் சிக்கல். கொம்மெஸ்ஸோ என்கிறார்கள். நிறக்கற்களை மெல்லிய வில்லைகளாக அறுத்து, இணைப்பே தெரியாமல் ஒன்றோடொன்று சேர்த்துப் படமாக்குவது. பூ, பறவை, பழக்கொத்து, நிலக்காட்சி எல்லாம் வரும். வண்ணம் தீட்டுவதே இல்லை. இலையின் நிழல் பக்கம் வேண்டுமானால் அந்த நிழல் ஏற்கெனவே இருக்கிற கல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

திரையில் வரிக்கு முப்பத்தைந்து எழுத்துக்கு மேல் தாங்காது. இப்போதைக்குக் 'கற்பதிப்பு' என்று போட்டிருக்கிறேன். திருப்தி இல்லை.

---

அரங்கன் எழுதியது:

கற்பதிப்பு என்றால் கல்லச்சில் அடித்த பழைய புத்தகம் என்று நினைப்பார்கள். அவசரமாகப் படிப்பவர் 'கற்பு' வரை வந்து நின்றுவிடுவார். எதற்கு வம்பு? மொசைக் என்றே போடுங்கள். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

---

மங்கை எழுதியது:

மொசைக் வேறு, ஐயா. அதில் சிறுசிறு கட்டிகளை அடுக்கிப் படம் வரும், நடுவில் கோடு தெரியும். இதில் ஒரு முழு இதழ் ஒரே கல்லாக இருக்கலாம். துண்டின் வடிவத்தைப் படம்தான் தீர்மானிக்கிறது.

---

நெய்தலான் எழுதியது:

கட்டட வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் ஒரு குறுக்குப் பேச்சு. நம் வீடுகளில் மொசைக் தரை என்கிறோமே, சலவைக்கல் சில்லைச் சிமெண்டில் கலந்து கொட்டி மெஷின் வைத்துத் தேய்ப்பது, அது மொசைக்கே இல்லை. அதன் பெயர் தெர்ராட்சோ. வெனிஸ் பக்கத்து வேலை. ஓர் இத்தாலிய வேலையின் பெயரை இன்னொரு இத்தாலிய வேலைக்கு வைத்து ஐம்பது அறுபது வருஷம் ஓட்டிவிட்டோம். மூன்றாவது வேலைக்கும் அதையே வைக்க வேண்டாம்.

---

புலவர் (ஓய்வு) எழுதியது:

அம்மா மங்கை, கைவசம் சொல் இருக்கும்போது கடைக்குப் போவானேன்? குயிற்றுதல். மணி பதித்தல் என்று அகராதிகள் எல்லாம் சொல்கின்றன. மதுரைக்காஞ்சியில் 'திருமணி குயினரும்' என்று இந்தத் தொழிலாளரையே கடைவீதியில் நிறுத்திக் காட்டுகிறார் மாங்குடி மருதனார். குயிற்றோவியம். செய்பவர் குயினர். பட்டறை குயிற்றகம். மூன்று சொல்லும் ஒரே வேரில். வேறென்ன வேண்டும்?

---

அரங்கன் எழுதியது:

புலவர் ஐயா, அந்தக் குயினர் மணியைத் துளையிடுபவர் என்றுதான் நச்சினார்க்கினியர் உரை எழுதுகிறார். கோப்பதற்கு ஓட்டை போடுகிறவர். ஃபிளாரன்ஸ் பெரியவர் கல்லில் ஓட்டை போட்டால் வேலை போய்விடும்.

தவிர, 'குயிற்றோவியம்' என்று திரையில் வந்தால் என் மகள் குயில் படம் எங்கே என்று கேட்பாள்.

---

புலவர் (ஓய்வு) எழுதியது:

மகளுக்கு அகராதி வாங்கிக் கொடுங்கள். துளைத்தலில் தொடங்கிப் பதித்தலுக்கு விரிந்த சொல் அது. துளையில்லாமல் பதிப்பு ஏது? புரியாது, புரியாது என்று சொல்லியே எல்லாச் சொல்லையும் பரணில் போட்டாயிற்று. 'பேருந்து' வந்தபோதும் சிரித்தார்கள்.

---

வேர்த்தேடி எழுதியது:

யாரும் மூலச்சொல்லைக் கவனிக்கவில்லை. கொம்மெஸ்ஸோ. இதில் 'கொம்' எங்கிருந்து வந்தது? கும்முதல், குமிதல், குவிதல், கும்பல், கும்மி. பல சேர்ந்து ஒன்றாதல் என்பதே கருத்து. கும் > கொம். கம்மியர், கம்மாளர் என்பவற்றையும் இதோடு வைத்துப் பாருங்கள். சேர்ப்பவன் கம்மியன். யவனத் தச்சர் தண்டமிழ் வினைஞரோடு கூடி வேலை செய்ததை மணிமேகலை சொல்கிறது. சொல் எந்தத் திசையில் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'கும்மியம்' என்று மீட்டுக்கொள்வோம்.

---

பாலா (ரொறன்ரோ) எழுதியது:

வேர்த்தேடி அண்ணைக்கு வணக்கம். நான் ஐந்தாறு வருஷம் இத்தாலியில் இருந்தவன். கொம்மெஸ்ஸோ என்பது கொம்மெத்தெரே என்ற வினையின் எச்சம். அது இலத்தீன். 'கொம்' என்றால் உடன், 'மித்தெரே' என்றால் அனுப்புதல், விடுதல். கும்மிக்கும் அதுக்கும் உறவில்லை. கம்மியர் கருமத்தோடு சேர்ந்த சொல் என்றுதான் நான் படித்தது. மணிமேகலையின் யவனரும் ஃபிளாரன்ஸ்காரர் இல்லை. இந்தத் தொழில் அங்கே நிலைகொண்டது ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்துப் ஃபெர்தினாந்தோ 1588இல் அரசுப் பட்டறை தொடங்கிய பிறகு. அந்தப் பட்டறைதான் இன்றைக்கு ஒபிஃபீச்சோ தெல்லே பியெத்ரெ தூரே. இப்போது அது கலைப்பொருள்களின் பழுதுபார்ப்பு, பாதுகாப்புக்கான பெரிய நிறுவனம்.

ஆனால் ஒரு விஷயம் சொல்லவேணும். கொம்மெத்தெரே என்ற வினைக்கு இரண்டு பொருள். ஒன்று, துண்டுகளை நெருக்கமாகச் சேர்ப்பது. மற்றது, குற்றம் செய்வது. இனித் தமிழுக்கு வாருங்கள். மணி இழைத்த பீடம். குற்றம் இழைத்தான். அதே இரண்டு பொருளும் ஒரே வினையில்! இழைப்பு என்று வையுங்கோ. கல்லிழைப்பு. ஆறே எழுத்து.

---

மங்கை எழுதியது:

பாலா, உடம்பு சிலிர்த்துவிட்டது. மாற்றப் போகிறேன்.

---

நெய்தலான் எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள். இழைப்பு என்றதும் எங்கள் பக்கம் இழைப்புளிதான் கண்ணில் வரும். 'பலகையை இழைச்சாச்சா?' என்றுதான் ஆசாரியிடம் கேட்போம். கல்லிழைப்பு என்றால் கிரானைட்டுக்குப் பாலிஷ் போடுவது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

---

பாலா (ரொறன்ரோ) எழுதியது:

நாங்கள் சீவுளி என்போம், அதால் எங்களுக்கு அந்தக் குழப்பம் வராது. சப்டைட்டில் தமிழ்நாட்டுக்கு மட்டுமோ?

---

வேர்த்தேடி எழுதியது:

இலத்தீன் முன்னொட்டுக்கு மூலம் எது என்று நண்பர் விளக்கவில்லை. 'கும்' என்ற வடிவம் அங்கும் உண்டு என்பதை அவரே தேடிப் பார்க்கட்டும். தனி இழையில் விரிவாக எழுதுவேன்.

(மட்டுநர் குறிப்பு: தயவுசெய்து தனி இழையிலேயே எழுதுங்கள்.)

---

பட்டறைப் பையன் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நகை வேலை. எங்களுக்குக் கல் பதிப்பது என்றால் முதலில் கல் உட்கார ஓர் இடம் வேண்டும். குழியோ கிண்ணமோ தங்கத்தில் செய்து, கல்லை இறக்கி, விளிம்பைத் தட்டி மடக்குவோம். குழி இல்லாவிட்டால் அது பதிப்பு இல்லை.

மங்கை அக்கா, ஒன்று கேட்கிறேன். அந்தப் பெரியவர் அடியில் பலகை எதிலாவது குழி வெட்டிக் கல்லை இறக்குகிறாரா, அல்லது கல்லும் கல்லும் தானே நிற்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிச் சொற்கள் தானாகக் கழன்றுவிடும்.

---

மங்கை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் முழுப் படத்தையும் தாளில் வரைந்து துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறார். ஒரு துண்டை எடுத்த இடத்தில் காகிதத்தில் ஓட்டை விழுகிறது இல்லையா, அந்த ஓட்டையைக் கல் பலகையின் மேல் ஜன்னல் மாதிரி நகர்த்திக்கொண்டே போகிறார். சரியான நிறமும் ரேகையும் ஜன்னலுக்குள் வரும் வரை. கல்லைத் தேடுவதுதான் பாதி வேலை. ஆர்னோ ஆற்றுப் பக்கத்துக் கற்கள், ஆஃப்கானிஸ்தானத்து நீலக்கல், அகேட், ஜாஸ்பர். பயேசீனா என்று ஒரு சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அறுத்தால் உள்ளே இடிந்த கோட்டையும் மலையும் வரைந்து வைத்ததுபோல இருக்கும். அதை அப்படியே நிலக்காட்சிக்குப் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு தாள் துண்டைக் கல் வில்லையின் மேல் ஒட்டி, இடுக்கியில் பிடித்து அறுக்கிறார். வாள் இல்லை. கிளையை வளைத்துச் செய்த வில், நாணுக்குப் பதில் இரும்புக் கம்பி. கம்பிக்குப் பல் கிடையாது. ஈரமான உராய்வுத் தூளைக் கம்பியில் தடவிக்கொண்டே இழுக்கிறார், அந்தத் தூள்தான் அறுக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. வெட்டும்போது விளிம்பைக் கொஞ்சம் உள்சாய்வாக வெட்டுகிறார். ஆகவே இரண்டு கல்லும் மேல் முகத்தில் மட்டும் முட்டும். அடியில் சிறு இடைவெளி இருக்கும், அதில் மெழுகும் பிசினும் கலந்த பசை இறங்கும். மொத்தத்தையும் சிலேட்டுப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். குழி எங்குமே இல்லை.

---

நெய்தலான் எழுதியது:

அந்தத் தூள் குருந்தக்கல் வகையாகத்தான் இருக்கும். குருந்தம் என்ற நம் சொல்தான் கொரண்டம் என்று ஆங்கிலத்துக்கே போயிருக்கிறது. வேர்த்தேடிக்கு இது நிஜமான உதாரணம், வைத்துக்கொள்ளட்டும்.

---

அரங்கன் எழுதியது:

அப்படியானால் தாஜ்மகாலில் இருப்பதும் இதேதானே? அதைப் பதிப்பு வேலை என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்?

---

பாலா (ரொறன்ரோ) எழுதியது:

தாஜ்மகாலில் வெள்ளைச் சலவைக்கல்லில் குழி வெட்டிக் கல்லை இறக்கியிருக்கிறார்கள். தம்பி சொன்ன கணக்கில் அது அசல் பதிப்பு. ஃபிளாரன்ஸ் முறை பார்க்க வேணுமென்றால் தில்லிச் செங்கோட்டைக்குப் போக வேணும். அங்கே பொதுச்சபை மண்டபமான திவானி ஆமில் அரியணைக்குப் பின்னால், மேலே, கிரேக்கக் கதையில் வரும் பாடகன் ஒர்ஃபியஸ் இசைக்க விலங்குகள் கேட்டுக்கொண்டிருக்கும் சிறு பலகை. ஃபிளாரன்ஸில் செய்து வந்தது. 1857 கலகத்துக்குப் பிறகு இலண்டனுக்குப் போய், வைஸ்ராய் கர்சன் காலத்தில் திரும்பி வந்தது. தாஜ்மகாலைக் கட்டியது இத்தாலியர்தான் என்று யாராவது தொடங்க முதல் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

---

பட்டறைப் பையன் எழுதியது:

அப்போது இது பதிப்பு இல்லை. பொருத்து. கல்லுக்குக் கல் பொருத்தம். பொருத்தோவியம் என்று சொல்லிப் பார்த்தேன், அப்பாவுக்கு உடனே விளங்கியது.

---

அரங்கன் எழுதியது:

என் ஓட்டு இதற்கே. கேட்டவுடன் என்ன செய்கிறார்கள் என்று தெரிகிறது. முதல்முறை வரும்போது மட்டும் 'கல் பொருத்தோவியம்' என்று போடலாம்.

---

புலவர் (ஓய்வு) எழுதியது:

கல் பொருத்தோவியமா? கற்பொருத்தோவியம். கல்லைப் பொருத்திய ஓவியம், வேற்றுமைத்தொகை. 'லளவேற் றுமையிற் றடவும்' என்று, அதாவது வேற்றுமையில் ல் என்பது ற் ஆகும் என்று, நன்னூல் கட்டளையே இடுகிறது. மாறியும் மாறாமலும் வரும் உறழ்ச்சி அல்வழிக்குத்தான். இடைவெளி விட்டுத் தப்பிக்கப் பார்ப்பது இந்தக் காலத்து நோய்.

தவிர, தூரிகை தொடாத ஒன்றை ஓவியம் என்கிறீர்கள்.

---

மங்கை எழுதியது:

ஐயா, ற் போட்டால் மறுபடி 'கற்பு' வந்துவிடுகிறது! இலக்கணம் உங்கள் பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். திரையில் ஒரு வரி இரண்டு மூன்று விநாடிதான் நிற்கும். அதற்குள் கண் தடுக்கக் கூடாது.

---

மட்டுநர் எழுதியது:

கணக்கு: பொருத்தோவியம் நான்கு. கல்லிழைப்பு இரண்டு. குயிற்றோவியம் ஒன்று. கும்மியம் ஒன்று. கொம்மெஸ்ஸோ என்றே விட்டுவிடலாம் என்று தனிமடலில் ஒருவர். இன்று வியாழன். மங்கை, உங்கள் விருப்பம்.

---

மங்கை எழுதியது:

முதல் இடத்தில் 'கொம்மெஸ்ஸோ எனும் கல் பொருத்தோவியம்', பிறகு எல்லா இடத்திலும் 'பொருத்தோவியம்' என்று அனுப்பிவிட்டேன். மனசு இன்னும் இழைப்பிடம்தான் இருக்கிறது. அந்த இரட்டைப் பொருள் எந்தப் பார்வையாளருக்கும் தெரியப் போவதில்லை என்பதால் விட்டேன். பட்டறையைப் பட்டறை என்றே வைத்திருக்கிறேன். குயிற்றகத்துக்கு மன்னிக்கவும், ஐயா.

---

பாலா (ரொறன்ரோ) எழுதியது:

நல்லது. நான் எழுதும் கட்டுரைகளில் கல்லிழைப்பு என்றுதான் எழுதுவேன், சொல்லி வைக்கிறேன்.

---

புலவர் (ஓய்வு) எழுதியது:

நான்கு ஓட்டால் சொல் பிறக்காது. பொருத்தம் என்றால் ஊரார் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். என் மறுப்பைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள், மட்டுநரே. எழுதும்போது குயிற்றோவியத்தில் ற் இரண்டு என்பதைக் கவனிக்கவும்.