ஓஎன்யூவில் -26.8 டிபிஎம்: வெளிச்சம் எங்கே போகிறது?

இழைமுனை:
ஒரு வீட்டு ஃபைபர் இணைப்பில் ஓஎன்யூ (வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டி) ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளி, -26.8 டிபிஎம் என்று காட்டுகிறது, எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு விட்டு விட்டுச் சிவப்பாக மினுக்குகிறது. ஜிபான் (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை), ஓஎல்டி (நிறுவனப் பக்கத்துக் கருவி) வெளியீடு +3 டிபிஎம், தூரம் 4 கி.மீ., நடுவில் 1:8 ஸ்ப்ளிட்டர் (ஒளியை எட்டாகப் பிரிப்பது) இரண்டு. இது சரியான அளவா? இந்த மைனஸும் மூக்குக்கண்ணாடி மைனஸ் பவரும் ஒன்றா? ஒளி அளக்கும் மீட்டரை முதலில் எங்கே வைப்பது?

ஸ்ப்ளைஸ்தட்டு:
சரியில்லை தம்பி. 1:8 ஸ்ப்ளிட்டர் ஒன்றுக்குச் சுமார் 10.5 டெசிபல் இழப்பு, இரண்டுக்கும் 21. இழைக்கு கி.மீ.க்கு 0.3 வைத்தால் 1.2. கனெக்டர் நான்கு, தலா 0.3, அது ஒரு 1.2. ஸ்ப்ளைஸ் (இழையோடு இழை ஒட்டிய இடம்) ஆறுக்கு 0.6. மொத்தம் 24. ஆக -21 பக்கம் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு 5.8 கூடுதலாக விழுகிறது. 6 டெசிபல் போனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். பி ப்ளஸ் வகை ஓஎன்யூ ஒளியைப் படிக்கக்கூடிய கீழ் எல்லை -27. வயர் லேசாக அசைந்தாலே தொடர்பு அறும்.

0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். அதற்குக் கீழே போனால் மைனஸ், அவ்வளவுதான். -20 என்றால் 10 மைக்ரோவாட், -30 என்றால் 1. உங்கள் வீட்டுக்கு வருவது சுமார் 2 மைக்ரோவாட்.

மீட்டரை 1490 நானோமீட்டரில் (ஓஎல்டி கீழே அனுப்பும் ஒளியின் அலைநீளம்) வையுங்கள். 850இல் விட்டுவிட்டால் பல டெசிபல் தப்பாகக் காட்டும். முதலில் அதே ஸ்ப்ளிட்டரில் காலியாக உள்ள போர்ட்டை அளந்து பாருங்கள். அங்கே -20, -21 இருந்தால் கோளாறு ஸ்ப்ளிட்டரிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் டிராப் வயரில்தான். ஸ்ப்ளிட்டருக்குள் வரும் முனையைக் கடைசி வரை கழற்றாதீர்கள், மற்ற வீடுகளுக்கும் நெட் போய்விடும்.

டிராப்பில் முதல் சந்தேகம் அழுக்கு. முனையை நுண்நோக்கியில் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும். அடுத்து நிறம்: பச்சை ஏபிசி முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. அதைச் சாய்வில்லாத நீல யூபிசி முனையோடு சேர்த்தால் நடுவில் இடைவெளி விழும், பல டெசிபல் போகும். அழுத்திச் செருகினால் இரண்டு முகமும் கெடும். பிறகு வளைவு: ஜன்னல் சட்டத்தில் ஆணி அடித்த இடம், பெட்டி மூடியில் நசுங்கிய இடம். இரு முனையையும் கழற்றிவிட்டுச் சிவப்பு லேசர் பேனாவைச் செருகினால், ஒடிந்த இடத்தில் வயர் உறைக்கு மேலேயே சிவப்பு கசிவது தெரியும். முனைக்குள் கண் வைத்துப் பார்க்கவே கூடாது.

டயாப்டர்:
கண்ணாடி பவர் வேறு சங்கதி. அதில் வாட்டே கிடையாது. மீட்டர் அலகில் சொன்ன குவியத்தூரத்தின் தலைகீழ்தான் டயாப்டர். லென்ஸ் வழியே ஜன்னல் காட்சி சுவரில் 40 செ.மீ. தூரத்தில் தெளிவாக விழுந்தால் +2.5. மைனஸ் லென்ஸில் பிம்பம் சுவரில் விழாது. அதன் வழியே தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்த்து லென்ஸை அசையுங்கள், கம்பமும் அதே பக்கம் நகரும். அளவு தெரிந்த ப்ளஸ் லென்ஸ்களை ஒவ்வொன்றாக ஒட்டி வையுங்கள். எதில் அசைவு நிற்கிறதோ, அந்த எண்ணுக்கு மைனஸ் போட்டால் பவர்.

இழைமுனை:
நன்றி அண்ணா. ஓஎன்யூ மேலே அனுப்பும் 1310 நானோமீட்டர் ஒளியையும் இதே மீட்டரில் பார்க்கலாமா?

ஸ்ப்ளைஸ்தட்டு:
முடியாது. ஓஎன்யூ தன் முறை வரும்போது மட்டும் விட்டு விட்டு அனுப்பும். சாதா மீட்டர் சராசரி எடுத்துக் குறைவாகக் காட்டும். வயரைக் கழற்றி மீட்டரில் செருகினாலோ ஓஎல்டி அழைப்பு வராது, அனுப்பவே செய்யாது. நடுவில் கோத்து இரு பக்கமும் அளக்கும் பான் மீட்டர் வேண்டும்.